மடத்துத் தோட்டத்துப் பட்டாணி

(வானொலியில் ஒலித்த மறையுரை. பங்கு மக்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சாகிறது.)



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலியும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்த பிறகு, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை பங்கு இல்ல வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். கையில் அறிவியல் புத்தகம். "ஃபாதர், இதுல பரிணாமம்னு ஒரு பாடம் இருக்கு. உயிர்களெல்லாம் கோடிக்கணக்கான வருசமா மாறி மாறி வந்ததுன்னு போட்டிருக்கு. மறைக்கல்வியில கடவுள் ஆறு நாள்ல படைச்சாருன்னு படிக்கிறோம். பரீட்சையில எதை எழுதணும்? மனசுல எதை நம்பணும்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நான் முதன்முறையாகக் கேட்கவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், ஒரு பையன் இதையே கேட்டான். "பரீட்சைக்குப் புத்தகத்துல உள்ளதை எழுது. மனசுல வேதத்துல உள்ளதை வச்சுக்க" என்று சொல்லி, முதுகில் தட்டி அனுப்பிவிட்டேன். சாமர்த்தியமான பதில் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. பல ஆண்டுகள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அவனைச் சந்தித்தேன். அறிவியல் ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொன்னான். கோவிலுக்குப் போவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னான். "ஃபாதர், நீங்க அன்னைக்கு என்னை ரெண்டு மனசு வச்சுக்கச் சொன்னீங்க. என்னால முடியல. ஒண்ணை விட்டுட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்பார்ந்தவர்களே, குருமடத்தில் தொடக்க நூலை நான் முறையாகப் படித்தவன். அந்தப் பையனுக்குச் சரியான பதில் இருப்பது எனக்குத் தெரியும். உட்கார்ந்து சொல்லச் சோம்பல்பட்டேன். இந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லக்கூடாது என்று தீர்மானித்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன். இது இரண்டு மனிதர்களின் கதை. ஒருவர் குருவாகப் படிக்கப் போய் இயற்கை அறிஞரானவர். மற்றவர் குருவாகவே இருந்து இயற்கையை ஆராய்ந்தவர். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை.

கப்பல் ஏறிய மாணவர்

முதலாமவர் சார்லஸ் டார்வின். 1809-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் மருத்துவர். மகனையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவைச் சிகிச்சையைப் பார்க்கச் சகியாமல் மகன் திரும்பி வந்துவிட்டார். சரி, ஆங்கிலிக்கன் சபையில் குருவாகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். படிப்பு முடிந்த 1831-ஆம் ஆண்டு டிசம்பரில், பீகிள் என்ற அரசுக் கப்பலில் உலகைச் சுற்றிவர அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1836-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் ஊர் திரும்பினார்.

இடையில், 1835-ஆம் ஆண்டு, தென் அமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் கப்பல் நின்றது. அங்கே சின்னஞ்சிறு குருவிகளைப் பிடித்துப் பாடம் செய்து கொண்டுவந்தார். எந்தக் குருவி எந்தத் தீவில் பிடித்தது என்று ஒழுங்காகக் குறித்து வைக்கக்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவை அறிஞர் அவற்றைப் பார்த்துவிட்டு, இவை வெவ்வேறு இனங்கள், ஆனால் எல்லாம் நெருங்கிய உறவு என்று சொன்னார். ஒன்றின் அலகு விதையை உடைக்கும் குறடு போல் தடித்திருந்தது. மற்றொன்றின் அலகு பூச்சியைப் பிடிக்க வசதியாக மெலிந்திருந்தது. ஒரே குடும்பத்துக் குருவிகளுக்கு இத்தனை வகை அலகு எப்படி வந்தது? இந்தக் கேள்வி டார்வினை விடவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் யோசித்தார். புறா வளர்ப்பவர்களோடு பழகினார், தாமே புறா வளர்த்தார். அவர் கண்டுகொண்டதை நான்கே வரியில் சொல்லிவிடலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கும் உதவும், கேளுங்கள்.

ஒன்று, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த குஞ்சுகள்கூட அச்சில் வார்த்ததுபோல் இருப்பதில்லை. சிறு சிறு வேறுபாடு உண்டு. இரண்டு, அந்த வேறுபாடுகளில் பல பிள்ளைகளுக்கும் போகின்றன. மூன்று, பிறக்கிற எல்லாமே பிழைக்க முடியாது. ஒரு கெண்டை மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அத்தனையும் வளர்ந்தால் குளத்தில் தண்ணீருக்கே இடம் இருக்காது. நான்கு, இருக்கும் சூழ்நிலைக்கு எந்த வேறுபாடு சற்றே உதவுகிறதோ, அதை உடையவை அதிகமாகப் பிழைத்து அதிகமாகக் குட்டி போடுகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் இனமே மாறிப்போகும்.

நம் ஊர் விவசாயி அறுவடையின்போது நல்ல கதிராகப் பார்த்து விதைநெல்லுக்கு ஒதுக்கி வைப்பார். இயற்கையில் ஒதுக்கி வைக்க ஆள் இல்லை. வறட்சியும் குளிரும் பசியும் நோயும் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால்தான் டார்வின் அதற்கு 'இயற்கைத் தேர்வு' என்று பெயர் வைத்தார். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். தனியொரு குருவி முயற்சி செய்து தன் அலகை மாற்றிக்கொள்வதில்லை. பிறந்த அலகோடுதான் அது சாகும். மாறுவது கூட்டம்.

இதைக் கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் 1973-ஆம் ஆண்டு தொடங்கி, அதே கலாபகஸில் டாப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் குருவிகளின் காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து, ஒவ்வொன்றாகக் கணக்கு வைத்தார்கள். 1977-இல் கடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. அவர்கள் கவனித்துவந்த தரைக்குருவிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் மடிந்தன. பிழைத்தவற்றின் அலகு, முன்பிருந்த சராசரியைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தது. அவற்றின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகே வந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகியபோது, காற்று திசை மாறியது. இப்போது சிறிய அலகுக்காரர்களுக்கு நல்ல காலம். ஆகவே 'தக்கன பிழைக்கும்' என்றால் பலமுள்ளது பிழைக்கும் என்று பொருள் இல்லை. அந்த நேரத்துக்கு, அந்த இடத்துக்குப் பொருந்துவது பிழைக்கும், அவ்வளவுதான்.

1858-இல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற மற்றொரு இயற்கை அறிஞரிடமிருந்து டார்வினுக்கு ஒரு கடிதம் வந்தது. இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் காய்ச்சலோடு கிடந்தபோது வாலசுக்கும் இதே கருத்து உதித்திருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று இருவரது கட்டுரைகளும் லண்டனில் ஓர் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டன. டார்வின் அங்கே போகவில்லை. அவருடைய கைக்குழந்தை மூன்று நாட்களுக்கு முன்புதான் இறந்திருந்தது. மறு ஆண்டு 1859 நவம்பரில் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூல் வெளியானது.

டார்வினுக்குத் தெரியாதது

ஆனால் நூலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, அது டார்வினுக்கே தெரியும். வேறுபாடுகள் பிள்ளைகளுக்குப் போகின்றன என்றாரே, எப்படிப் போகின்றன? பாலும் தண்ணீரும் கலப்பதுபோல் தாயின் குணமும் தகப்பனின் குணமும் கலந்துவிடுகின்றன என்று அன்று பலர் எண்ணினார்கள். அப்படியானால், நல்லதொரு வேறுபாடு ஒரு குட்டிக்கு வந்தாலும், அடுத்த தலைமுறையில் பாதியாகி, அதற்கடுத்ததில் கால்பங்காகி, நீர்த்துப்போய்விடுமே! பிறகு தேர்ந்தெடுக்க என்ன இருக்கும்? ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியியலாளர் 1867-இல் இந்தக் கேள்வியை எழுப்பியபோது டார்வினால் சரியான விடை சொல்ல முடியவில்லை.

அப்போது விடை எழுதப்பட்டு, அச்சிலும் வந்துவிட்டிருந்தது. எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குரு.

தேர்வில் தோற்ற குரு

கிரகோர் மெண்டல் 1822-ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பேரரசில், இன்று செக் நாட்டில் இருக்கும் ஒரு சிற்றூரில், ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் யோஹான். அப்பா மரம் விழுந்து அடிபட்டு உழைக்க முடியாமல் போனபோது, பையனின் படிப்பு நின்றுபோகும் நிலை வந்தது. தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தாள். நம் ஊரில் அக்காமாரும் தங்கைமாரும் இப்படித் தியாகம் செய்து படிக்கவைத்த குருக்கள் எத்தனை பேர்! மெண்டல் அதை மறக்கவில்லை. பின்னாளில் அந்தத் தங்கையின் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

1843-இல் புர்னோ நகரில் புனித தோமா பெயரால் அமைந்த அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்தார். 1847-இல் குருவானார். பங்குப் பணிக்கு அனுப்பினார்கள். நோயாளிகளின் படுக்கையருகே நின்றாலே அவருக்கு உடம்பு நடுங்கி, தாமே நோயில் விழுந்துவிடுவார். மடாதிபதி சிரில் நாப் அவரைக் கடிந்துகொள்ளாமல், பள்ளியில் கற்பிக்க அனுப்பினார். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார், தோற்றார். மடம் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. திரும்பி வந்து 1856-இல் மறுபடியும் தேர்வுக்குப் போனார். மறுபடியும் தேறவில்லை. கற்பித்த காலம் முழுவதும் தற்காலிக ஆசிரியராகவே இருந்தார்.

தேர்வில் தோற்ற பிள்ளைகளே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாகக் கேளுங்கள். இரண்டாம் முறை தோற்ற அதே 1856-ஆம் ஆண்டுதான், மெண்டல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஏறத்தாழ 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம். எட்டு ஆண்டுகள் உழைத்தார். பூ மலரும் முன்பே மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, வண்டு நுழையாமல் சிறு பை கட்டி மூடுவார். இப்படி ஏறக்குறைய 28,000 செடிகள்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். பிறந்தவை எல்லாம் உருண்டை. பாலில் கலந்த தண்ணீர்போல் பாதி சுருங்கியதாக ஒன்றுகூட வரவில்லை. சுருக்கம் எங்கே போயிற்று? அந்த உருண்டை விதைகளை விதைத்து, அவை தாமாகவே காய்க்கும்படி விட்டார். அடுத்த தலைமுறையில் எண்ணிப் பார்த்தார். உருண்டை 5,474. சுருங்கியது 1,850. மறைந்துபோன சுருக்கம் முழுதாகத் திரும்பி வந்திருந்தது! கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. நிறத்திலும் அப்படியே. மஞ்சள் 6,022, பச்சை 2,001.

இதிலிருந்து மெண்டல் கண்ட உண்மை இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு கூறுகள் வருகின்றன. அவை ஒன்றாகக் கலந்து கரைவதில்லை. ஒன்று வெளியே தெரியும், மற்றொன்று உள்ளே ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இரண்டு ஒரே விதையில் சேரும்போது மறைந்திருந்த குணம் வெளிப்படும். அன்று அவர் கண்ட கூறுகளைத்தான் இன்று ஜீன் என்கிறோம். டார்வின் நூலின் ஓட்டை இங்கே அடைபடுகிறது. நல்ல வேறுபாடு நீர்த்துப்போவதில்லை. தலைமுறைகள் கடந்தும் முழுதாக இருக்கும், இயற்கை தேர்ந்தெடுக்கக் காத்திருக்கும்.

1865-இல் பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரண்டு நாட்களில் தம் ஊர் அறிவியல் கழகத்தில் இதை வாசித்தார். மறு ஆண்டு அச்சிட்டார். 40 பிரதிகள் எடுத்து அறிஞர்கள் பலருக்கு அனுப்பினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. டார்வின் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை மெண்டல் வாசித்து, ஓரங்களில் குறியிட்டு வைத்த பிரதி இன்றும் இருக்கிறது. ஆனால் மெண்டலின் கட்டுரையை டார்வின் அறியாமலேயே 1882-இல் இறந்தார்.

1868-இல் மெண்டல் மடாதிபதியானார். நிர்வாகமும், மடங்களின் மீது அரசு விதித்த வரியை எதிர்த்த வழக்கும் அவருடைய நேரத்தை விழுங்கின. 1884-ஆம் ஆண்டு ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று காலமானார். நல்ல மடாதிபதி, ஏழைகளுக்கு உதவியவர் என்று ஊரார் அழுதார்கள். உலகம் போற்றும் அறிஞரை அடக்கம் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900-இல், வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த அறிஞர்கள் தாங்களும் அதே விதிகளைக் கண்டு, பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஒரு துறவி தங்களை முந்திவிட்டதைப் பார்த்தார்கள். டார்வினின் தேர்வையும் மெண்டலின் விதியையும் கணக்கால் இணைத்தவர்களில் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

திருச்சபை கற்றுக்கொண்ட வழி

இத்தனைக்கும் திருச்சபை என்ன செய்தது? உள்ளதை உள்ளபடி சொல்வோம். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை உரோமை ஒருபோதும் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. அதே வேளையில், பரிணாமத்தையும் விசுவாசத்தையும் இணைத்து எழுதிய கத்தோலிக்கக் குருக்கள் சிலர் துன்பப்பட்டார்கள். பிரான்சு நாட்டு தொமினிக்கன் சபைத் துறவி லெருவா 1895-இல் தம் கருத்தைப் பகிரங்கமாகத் திரும்பப் பெறவேண்டி வந்தது. அமெரிக்காவில் திருச்சிலுவை சபைக் குரு ஜான் ஜாம் 1896-இல் எழுதிய நூலுக்கு 1898-இல் உரோமையில் தடை விதித்தார்கள். அதை வெளியே அறிவிக்கவில்லை என்றாலும், அவர் அதன்பின் அந்தப் பொருளைப் பற்றி எழுதவில்லை. தவறு நேர்ந்ததை மறைத்துப் பிள்ளைகளிடம் நம்பிக்கை பெற முடியாது.

ஆனால் திருச்சபை அங்கேயே நின்றுவிடவில்லை. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடல் முன்பே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து தோன்றியதா என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து விவாதிக்கத் தடையில்லை என்றார். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை நாம் விடக்கூடாது என்றும் சொன்னார். 1996-இல் புனித இரண்டாம் யோவான் பவுல், புதிய கண்டுபிடிப்புகளைப் பார்க்கும்போது பரிணாமக் கொள்கையை வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது என்றார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் வைத்திருக்கும் வித்தைக்காரராகக் கற்பனை செய்யவேண்டாம் என்று எச்சரித்தார். மூவரில் கடைசி இருவரும் இதைச் சொன்னது திருப்பீட அறிவியல் கழகத்திடம்.

இந்த ஞானம் நமக்குப் புதிதும் அல்ல. மெண்டலின் சபைக்குத் தந்தையான புனித அகுஸ்தினார், தொடக்க நூலுக்கு விளக்கம் எழுதியபோது, கிறிஸ்தவன் இயற்கையைப் பற்றித் தெரியாமல் உளறினால், கேட்பவர்கள் உயிர்ப்பைப் பற்றி அவன் சொல்வதையும் நம்பமாட்டார்கள் என்று கண்டித்தார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சொன்னது. எனக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

தொடக்க நூலைத் திறந்து பாருங்கள். முதல் நாளில் ஒளி. கதிரவனோ நான்காம் நாளில்தான். கதிரவன் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் எது? எழுதியவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அவர் பஞ்சாங்கம் எழுத உட்காரவில்லை. பாபிலோனில் அடிமைகளாக இருந்த மக்களின் காலத்தில் இந்தப் பகுதி உருவம் பெற்றது என்று விவிலிய அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். சுற்றிலும் கதிரவனையும் நிலவையும் தெய்வமாக வணங்கிய பேரரசு. அதன் நடுவே, 'அவை தெய்வங்கள் அல்ல, நம் கடவுள் ஏற்றிவைத்த விளக்குகள்' என்று சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்! யார் படைத்தார், எதற்காகப் படைத்தார், படைத்ததை எப்படிப் பார்த்தார் என்பதைத் தொடக்க நூல் சொல்கிறது. எந்த வழியில், எத்தனை காலத்தில் என்பதைப் பட்டாணியும் குருவி அலகும் சொல்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள்

அன்பார்ந்தவர்களே, இரண்டு காரியங்களைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

முதலாவது, இயற்கையில் நடப்பதை நமக்குக் கட்டளையாக்கிவிடக் கூடாது. பலவீனர் அழியட்டும், அதுதானே இயற்கை விதி என்று சொன்னவர்கள் உண்டு. ஊனமுற்றவர்களுக்கும் ஏழைகளுக்கும் பிள்ளை பிறக்காதபடி கட்டாயமாக அறுவைச் சிகிச்சை செய்யும் சட்டங்கள் அமெரிக்காவிலேயே இருந்தன. ஹிட்லரின் ஆட்சி அதைக் கொலைவரை கொண்டுபோனது. 1930-இலேயே திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அந்தச் சட்டங்களைக் கண்டித்தார். அறிவியலையே எடுத்துக்கொண்டாலும், மனிதர் அனைவரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே குடும்பம் என்றுதான் அது சொல்கிறது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதற்கு அங்கேயும் இடமில்லை, பீடத்திலும் இடமில்லை. கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களுக்கு நடுவே சுவர் கட்டுகிறவர்கள் எந்தப் புத்தகத்தைப் படித்தார்களோ எனக்குத் தெரியாது.

இரண்டாவது, வேதனை. இதை எளிதாகத் தாண்டிப் போகிறவர் மனிதரைப் பார்க்காதவர். நீலகிரி மலைவாழ் மக்களிடையே 1952-இல் அரிவாள் செல் சோகை என்ற இரத்த நோய்க்கான கூறு கண்டறியப்பட்டது. அது மெண்டல் விதிப்படி பிள்ளைகளுக்கு வருவது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் கூறு வந்தால் பெரும்பாலும் நோய் இல்லை. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. அதனால்தான் மலேரியா மிகுந்த இடங்களில் இயற்கைத் தேர்வு அதைக் காப்பாற்றி வைத்தது. ஆனால் இருவரிடமிருந்தும் வந்த பிள்ளைக்கு, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, இரத்தக்குழாயை அடைத்து, தாங்க முடியாத வலி. தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் கூறு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பட்டாணியின் அதே கணக்குத்தான். ஊரைக் காப்பாற்றிய அதே கூறு ஒரு வீட்டுப் பிள்ளையை வதைக்கிறது.

டார்வினும் இந்த இடத்தில்தான் தடுமாறினார். 1851-இல் அவருடைய செல்ல மகள் ஆனி பத்து வயதில் நோயில் இறந்தாள். கடைசி நாட்களில் அவர்தான் அருகில் இருந்தார். நிறைமாதமாக இருந்த தாய் எம்மாவால் போக முடியவில்லை. பின்னாளில் குடும்பம் ஆலயத்துக்குப் போகும்போது டார்வின் தனியே நடக்கப் போய்விடுவார். தாம் கடவுளை மறுக்கிறவர் அல்ல, அறியாதவர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார். குருவி அலகு அவரை வெளியே தள்ளியதா, மகளின் சவப்பெட்டி தள்ளியதா? நான் தீர்ப்பிட மாட்டேன். குழந்தைகளின் சவப்பெட்டிக்கு முன் நானும் நின்றிருக்கிறேன். அங்கே விளக்கம் சொல்ல வாய் வருவதில்லை. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் தாமே அந்த மணியானார். படைப்பின் வேதனைக்கு வெளியே நின்று பார்க்கும் கடவுளை நாம் அறிக்கையிடவில்லை. அதற்குள் இறங்கி, சிலுவையில் அறையுண்ட கடவுளை அறிக்கையிடுகிறோம். அதைத்தான் என்னால் சொல்ல முடிகிறது. மெண்டல் நோயாளியின் அருகே நிற்க முடியாமல் நடுங்கினாரே, அவரும் அந்தச் சிலுவையைத்தான் கழுத்தில் அணிந்திருந்தார்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பாப்பா, பரீட்சையில புத்தகத்துல உள்ளதை எழுது, ஏன்னா அது உண்மை. திருப்பலியில விசுவாசப் பிரமாணம் சொல்லு, ஏன்னா அதுவும் உண்மை. ரெண்டு மனசு வேண்டாம், ஒரே மனசோட இரு. சந்தேகம் வந்தா மறைக்காதே, மறுபடியும் வந்து கேளு." அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். போன வாரம் மறுபடியும் வந்து, வேறு இரண்டு கேள்விகள் கேட்டாள். அவற்றுக்கு நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, பிள்ளைகள் கேட்கும்போது அதட்டாதீர்கள், என்னைப்போல் முதுகில் தட்டியும் அனுப்பாதீர்கள். தெரியாவிட்டால், தெரியாது, சேர்ந்து படிப்போம் என்று சொல்லுங்கள். அன்று நான் திருப்பி அனுப்பிய அந்தத் தம்பி எங்கேயாவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பங்கு இல்லக் கதவு திறந்திருக்கிறது. விவாதம் செய்யவாவது வாருங்கள் தம்பி.

விண்ணையும் மண்ணையும், குருவியின் அலகையும் பட்டாணியின் விதையையும் படைத்த எல்லாம் வல்ல இறைவன், உண்மையைக் கண்டு அஞ்சாத நெஞ்சத்தை நமக்குத் தந்து, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.